மதிப்பிற்குரிய கழுதையே

தனக்கு அரபு தெரியும் என்று மைஸூனுக்கு இருபத்து மூன்று வயதுவரை ஒரு நினைப்பு இருந்தது. அப்பாவின் நாட்டுக்குப் போய், இர்பித் நகரத்துப் பல்கலைக்கழக மொழி வகுப்பில் போய் உட்கார்ந்த முதல் நாள், பதினைந்து நிமிஷத்தில் அந்த நினைப்பு தீர்ந்துபோயிற்று.

அவள் அப்பா முஃப்லிஹ் எங்கள் பக்கத்துக்காரர்தான். கூரா மலையடிவாரத்தில் ஒலிவத் தோப்பு வைத்திருந்த குடும்பம். எண்ணெய்ப் பொறியியல் படிக்க ருமேனியாவுக்குப் போனார். நாலு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், தொய்னா என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு பிளோயெஷ்டி நகரத்துச் சுத்திகரிப்பு ஆலையிலேயே தங்கிவிட்டார். வீட்டில் பேச்செல்லாம் ருமேனிய மொழியில்தான். காலையில் மகளை எழுப்பும்போதும், பால் குடிக்கச் சொல்லும்போதும், பரீட்சைக்கு அனுப்பும்போதும் மட்டும் அவர் வாயில் ஊர்ப் பேச்சு தானாக வரும். அதைத்தான் மைஸூன் அரபு என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா ஊருக்குப் போன் போடுவார். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என்ன சொன்னார்கள் என்று அம்மாவும் மகளும் கேட்டால், மொழிபெயர்த்தால் அதில் ஒன்றும் இருக்காது என்பார். வேதியியல் பட்டம் வாங்கி முடித்த வருஷம், அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரிந்துகொண்டே தீருவது என்று மைஸூன் முடிவு செய்தாள். ஒரு வருஷம் அரபு படிக்கப் போகிறேன் என்றாள். அப்பாவுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. படிக்கிறதென்றால் பாரிசுக்குப் போகலாமே என்றார். அம்மாதான் பெட்டியை எடுத்து வைத்தாள்.

விமான நிலையத்துக்கு வந்திருந்தது ஃபித்தா அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; இர்பித்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கூரைமேல் மஞ்சள் பலகை வைத்த சின்னக் காரில்தான் வந்திருந்தாள். மருமகளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் ஏழெட்டு முத்தம் கொடுத்துவிட்டு, "வா அத்தே, எப்படி இருக்க அத்தே, பசிக்குதா அத்தே" என்றாள்.

மைஸூன் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. வழியெல்லாம் யோசித்தாள். இந்த அம்மாளுக்கு நான் அத்தையா, எனக்கு இந்த அம்மாள் அத்தையா? இர்பித்துக்குள் கார் நுழைகிற நேரத்தில், தெருவோரத்தில் நின்ற ஒருத்தி தன் நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து "யம்மா, ரோட்டுக்குப் போகாதே யம்மா" என்று கத்தியதைக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. இந்த ஊரில் யார் யாருக்கு என்ன உறவோ, அந்தப் பெயரையே திருப்பிக் கொடுத்துக் கொஞ்சுவார்கள்.

வகுப்பில் ஆறு பேர். உஸ்தாத் பர்ஜஸ் என்பவர்தான் ஆசிரியர். வெயில் கொளுத்தினாலும் கம்பளி அரைச்சட்டையைக் கழற்றாத மனிதர். ஒவ்வொருவரும் எழுந்து தெரிந்த அரபில் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றார். ஒரு கொரியப் பையன் எழுந்து, "என் பெயர் மின்ஹோ. யான் சியோல் மாநகரிலிருந்து வந்துள்ளேன்" என்று கல்வெட்டு மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மைஸூனுக்கு உள்ளூரச் சிரிப்பு. பாவம், படித்துப் பேசுகிறான். தன்னுடையது ரத்தத்தில் வந்ததல்லவா. எழுந்து நின்றாள். ஆசிரியரைப் பார்த்து, கூரா மலை உச்சரிப்பு ஒரு இம்மி பிசகாமல், அப்பா காலையில் கேட்பதுபோலவே கேட்டாள்:

"என்ன கழுத, ராத்திரி நல்லாத் தூங்குனியா? வயிறு ரொம்பத் தின்னியா, கூறுகெட்டவனே?"

உஸ்தாத் பர்ஜஸின் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்து மூன்றாக உடைந்தது. மின்ஹோ அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவர் வெகுநேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை யாரிடம் கற்றாய் மகளே என்று கேட்டார். அப்பாவிடம் என்றாள். அப்பாவுக்கு எந்த ஊர் என்றார். கூரா என்றதும், அதானே பார்த்தேன் என்று தலையாட்டினார். இந்தச் சொற்களெல்லாம் குடும்பத்துக்குள் மட்டும் புழங்கவேண்டியவை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சொந்த ரத்தத்திடம் சொன்னால் உச்சி குளிர்ந்துபோவார்கள். வெளியாளிடம் சொன்னால் செருப்பைக் கழற்றுவார்கள். மைஸூன் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்: வீட்டுக்குள் மட்டும்.

வெளியே புழங்க அவர் வேறொரு அரபு கற்றுக்கொடுத்தார். புத்தகத்திலும் செய்தியிலும் பிரசங்க மேடையிலும் இருக்கிற சுத்தமான அரபு. மைஸூன் மூளைக்காரி, ஒரு மாதத்தில் வேற்றுமை உருபுகள் அவள் நாக்கில் நின்று விளையாடின. அந்தத் தைரியத்தில் ஒருநாள் முனையிலிருந்த ரொட்டிக் கடைக்குப் போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கடைக்காரரிடம், "ஐயா, தாங்கள் மனமுவந்து எனக்கு ஒரு கிலோ ரொட்டி அளிப்பீர்களாக" என்றாள்.

கடைக்காரர் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார்.

"செத்த சும்மா இருங்கப்பா. செய்தி வாசிக்கிறாங்க."

வரிசையில் நின்ற ஒருவர், நாளைக்கு மழை உண்டா என்று கேட்டுச் சொல்லும்படி சொன்னார். கடைக்காரர் ரொட்டியோடு இரண்டு எள்ளு வளையமும் சும்மா வைத்துக் கொடுத்தார். நாளைக்கும் வந்து ஏதாவது பேசிவிட்டுப் போகச் சொன்னார். மைஸூன் வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தாள். ஒன்று கழுதை, இல்லையென்றால் கல்வெட்டு. நடுவில் மனிதர்கள் பேசுகிற அரபு எங்கே கிடைக்கும் என்று அத்தையிடம் கேட்டாள்.

"என் காரு பின்சீட்டுல கிடைக்கும். நாளைக்கு வந்து உக்காரு அத்தே" என்றாள் ஃபித்தா.

அதற்குப் பிறகு வகுப்பு விட்டதும் மைஸூனின் இடம் அந்தப் பின்சீட்டுதான். முன்னால் ஒருத்தி வண்டியை அணைத்து அணைத்து எடுப்பாள். பக்கத்தில் அத்தை காலடியில் தனக்கென்று இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கிளட்ச மெதுவா விடுடி. தூங்குற புள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி விடு" என்பாள். ஓட்டுகிறவர்கள் கியரைவிட அதிகமாகப் புருஷன், மாமியார், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பேசினார்கள். உம் லைத் என்று ஒருத்தி. ஐந்து முறை தேர்வில் தோற்றவள். ரவுண்டானாவைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் மாமியாரைப்போலவே பேசிக்காட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. மைஸூன் இறந்தகாலம், எதிர்காலம், கெஞ்சல், குத்தல் எல்லாவற்றையும் உம் லைத்திடம்தான் கற்றாள்.

உம் லைத்திடம் ஒரு பச்சைக் கைப்பை இருந்தது. ஒருநாள் மைஸூன் அது ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். "உனக்குத்தாம்மா, எடுத்துக்கோ" என்றாள் உம் லைத். நன்றி சொல்லிவிட்டு மைஸூன் வாங்கிக்கொண்டாள். உம் லைத் பையிலிருந்த சாவி, போன், மாத்திரை, தேர்வுச் சீட்டு எல்லாவற்றையும் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் கொட்டிக்கொண்டு, முகம் வாடாமல் இறங்கிப்போனாள். தேர்வு அலுவலகத்தில் பேசிவிட்டு அத்தை திரும்பி வந்தபோது, மருமகள் மடியில் பச்சைப் பை. கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். 'எடுத்துக்கோ' என்றால் 'அல்லாஹ் உனக்கே நிலைக்க வைக்கட்டும்' என்று பதில் சொல்லவேண்டும், எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கு ஒரு முழுப் பாடமே நடந்தது. பையை, மாவுக்குள் அடுக்கிச் சுட்ட கோழி மக்மூரா ஒரு தட்டோடு திருப்பி அனுப்பினார்கள். உம் லைத் தட்டைக் கழுவி, அதில் மாதுளம்பழம் வைத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் மைஸூனை 'என் பையைத் தின்றவள்' என்றே கூப்பிட்டாள்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமைப் போனின் மர்மமும் வெளுத்துவிட்டது. இப்போது அவள் இந்த முனையில் அல்லவா இருக்கிறாள். போன் மணி அடித்தது. அத்தை எடுத்து, "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "முட்டைக்கோஸ்" என்றார். "இன்னிக்குமா?" என்றாள் அத்தை. அவ்வளவுதான். இரண்டு பேரும் மூச்சுத் திணறச் சிரித்தார்கள். இருபத்தெட்டு வருஷமாக வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று மைஸூனுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த வாரம் பார்த்தால், 'முட்டைக்கோஸ்' என்று அப்பா சொல்வதற்கு முன்பே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பரில் ஒலிவம் பறிக்கிற காலம் வந்தது. வகுப்புக்கு ஒரு வாரம் விடுமுறை. அத்தை அவளைக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில்தான் குடும்பத்து வியாஜ்யம் முழுவதையும் அவிழ்த்தாள்.

அங்கே பெரியப்பா ஹாயில், சித்தப்பா நாயிஃப் என்று அப்பாவின் அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்று, தோப்பு ஒன்று. ஒன்பது வருஷமாக இருவரும் பேசுவதில்லை. காரணம் காப்பி. நாயிஃபின் மகனுக்குப் பெண் கேட்டு ஊர்ப் பெரியவர்களெல்லாம் பெண் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மூத்தவர் ஹாயில்தான் எழுந்து பெண் கேட்கவேண்டியவர். அவர் கார் வழியில் படுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு வேறொருவர் கேட்டார். சரி என்ற பதில் வந்த பிறகுதான் வைத்த காப்பியைத் தொடுவது வழக்கம்; அவர்களும் சரி என்றார்கள். எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டார்கள். ஹாயில் உள்ளே நுழைந்தபோது அவருக்காகக் காத்திருந்தது ஆறிப்போன ஒரு கிண்ணம். மறுநாளே முற்றத்தின் நடுவில் தோளுயரத்துக்குச் சுவர் எழும்பியது.

தோப்பைப் பிரிக்காததால் பறித்த காயெல்லாம் ஒரே நாளில் செக்குக்குப் போகவேண்டும். நாள் குறிக்க இருவரும் பேசியாகவேண்டும். இத்தனை வருஷமும் அத்தைதான் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து, வசவை வடிகட்டி, விஷயத்தை மட்டும் கொண்டுபோய்க் கொண்டிருந்தாள். இந்த வருஷம் தன்னால் முடியாது என்று கைவிரித்தாள். மைஸூன் நானே போகிறேன் என்றாள். பேசிப் பழக இதைவிட நல்ல வாய்ப்பு வருமா?

ஹாயில் பெரியப்பா ஏணியிலிருந்து இறங்கி வந்து, சுவரைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

"போய் அந்தக் கழுதைகிட்டச் சொல்லு. வியாழக்கிழமை செக்குக்குப் போகணும். அன்னிக்கு மாதிரி எனக்கு முந்திக்கிட்டு ஓடினான்னா, கால ஒடிச்சிருவேன்."

மைஸூன் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பெரியவர் முன்னால் நிற்பதால் மரியாதை வேண்டும். அதற்கு உஸ்தாதின் அரபு. ஆனால் சொந்த ரத்தம், பிரியமும் தெரியவேண்டும். அதற்கு அப்பாவின் அரபு. நாயிஃப் சித்தப்பா கல்மேல் உட்கார்ந்து காயில் கலந்திருந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள்:

"மதிப்பிற்குரிய கழுதையே, தங்கள் அண்ணன் வியாழக்கிழமை தங்களோடு செக்கிற்குச் செல்ல விரும்புகிறார். தாங்கள் முந்திக்கொண்டு ஓடினால் கால் ஒடிந்துவிடும் என்று அஞ்சுகிறார்."

நாயிஃபின் கையிலிருந்த இலை கீழே விழுந்தது. போன வருஷம் இதே பறிப்பில் ஏணி சரிந்து விழுந்து கால் முறிந்து, மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தவர் அவர். ஊரே வந்து பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஆள் வரவில்லை.

"காலப் பத்தியா சொன்னான்?" என்று கேட்டார்.

"ஆம். காலைப் பற்றித்தான்."

இப்போது வலி இல்லை, குளிர் நாளில்தான் கொஞ்சம் இழுக்கிறது என்று நாயிஃப் தரையைப் பார்த்துச் சொன்னார். உடனே, ரொம்ப இளகிவிட்டோமோ என்று தோன்றியிருக்கவேண்டும், குரலை உயர்த்தினார். "அவன் கண்ண மொதல்ல பாக்கச் சொல்லு. அன்னிக்கும் கண்ணு தெரியாமத்தான் பள்ளத்துல வண்டிய விட்டான்."

மைஸூன் இந்தப் பக்கம் வந்தாள். சித்தப்பாவுக்குக் குளிர் நாளில் கால் வலிக்கிறது, பெரியப்பாவின் கண்ணை முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னார், பள்ளத்தில் விழுந்துவிடுவீர்களோ என்ற எண்ணம் போலிருக்கிறது என்று அடுக்கினாள். ஹாயிலுக்கு வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது. பெண்டாட்டிக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இது அவனுக்கு எப்படித் தெரியும்?"

இதற்குள் சித்தப்பா தானாகவே சுவரோரம் வந்து நின்றுவிட்டதை மைஸூன் கவனித்தாள். பெரியப்பாவும் கவனித்தார். போய் நின்றார். சுவருக்கு மேலே இரண்டு தலைப்பாகைத் துணிகள் எதிரெதிரே.

"கண்ணுக்கு என்னாச்சு?" என்றார் நாயிஃப்.

"ஒண்ணுமில்ல. காலுக்கு?"

"அதான் சரியாப்போச்சே."

அப்படியே விட்டிருந்தால் கண்ணீரும் கட்டிப்பிடித்தலுமாக முடிந்திருக்கும். ஆனால் நாயிஃப், அன்றைக்குக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது, நான் என்ன செய்ய என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். ஒன்பது வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது. ஒன்றரை மணி நேரமா, ஒரு மணி நேரமா? கடையிலிருந்து போன் போட்டிருக்கலாமா, முடியாதா? காரின் கார்புரேட்டரை இரவல் வாங்கித் திருப்பித் தராதது யார்? கூரா மலையில் உள்ள எல்லா மிருகங்களின் பெயரும் சுவருக்கு மேல் இங்குமங்கும் பறந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் கதவோரம் வந்து நின்று கேட்டார்கள். மைஸூன் ஓடிப்போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை கையைத் தூக்கி, "மன்னிக்கவும் பெரியப்பா, அந்தக் கடைசிச் சொல் ஒருமையா, பன்மையா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். ஒருமை என்றார் ஹாயில். இல்லை, அதைப் பன்மையில்தான் சொல்வார்கள், நம் அப்பா அப்படித்தான் சொல்வார் என்றார் நாயிஃப். யோசித்துவிட்டு, ஆமாம், பன்மைதான் என்று ஹாயில் ஒத்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஃபித்தா அத்தை தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

வியாழக்கிழமை ஒரே வண்டியில் செக்குக்குப் போனார்கள். புது எண்ணெயில் ரொட்டியை முக்கி அங்கேயே நின்றபடி தின்றார்கள். சுவரை இடிக்கவில்லை. ஹாயில் கட்டின சுவரை ஹாயில் இடிப்பதா என்று பேச்சு வந்துவிட்டது. மேல் வரிசையில் இரண்டு கல்லை மட்டும் எடுத்து, காப்பிக் கூஜா போய்வர ஒரு வழி செய்துகொண்டார்கள். அந்த வழியாகக் காப்பியும் போகும், சண்டையும் போகும். முன்பாவது வருஷத்துக்கு ஒருதரம் நடந்தால் போதும். இப்போது தினம் இரண்டு பேரும் எனக்குப் போன் போட்டு நியாயம் கேட்கிறார்கள் என்று அத்தை மருமகளிடம் அலுத்துக்கொண்டாள்.

ஜூனில் பரீட்சை முடிந்தது. இலக்கணத்தில் மைஸூன்தான் முதல். பேச்சுத் தேர்வில் அவள் ஒரு மாமியார் பேசுவதுபோல் பேசிக்காட்ட, உஸ்தாத் பர்ஜஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, சுத்தமான அரபு கொஞ்சமும் கலக்காததற்காகப் பாதி மதிப்பெண்ணை வெட்டினார். அவள் பிளோயெஷ்டிக்குத் திரும்பினாள். அங்கே ஒரு குளிர்காலம் தாங்கினாள். வேலைக்கு நாலு இடத்தில் எழுதிப் போட்டாள். நாலாவது இடம் இர்பித்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். அங்கிருந்துதான் முதலில் பதில் வந்தது. இந்த முறை அம்மா பெட்டியை எடுத்துவைக்காமல் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றாள். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். தெரியவில்லை என்று மைஸூன் உண்மையைச் சொன்னாள். அப்பா கடைக்குப் போய், கதவைத் தாண்டாத அளவுக்குப் பெரிய பெட்டியாக வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது அவளுக்கு முப்பது வயது நெருங்குகிறது. அத்தை வீட்டு மாடியில் தனியாக ஒரு பகுதி. ஊர்க் கிணறுகளின் தண்ணீரைப் புட்டிகளில் அடைத்து வைத்துக்கொண்டு, எது குடிக்கலாம், எது கூடாது என்று கையெழுத்துப் போடுகிறாள். பெண்ணாயிற்றே என்று மிரட்டிப் பார்க்க வருகிற தண்ணீர் லாரிக்காரர்கள் அவளிடம் ஒரு தடவைக்கு மேல் வாய் கொடுப்பதில்லை. எந்த அரபில் பதில் வரும் என்று அவர்களால் கணிக்க முடிவதில்லை.

பெரியப்பாவும் சித்தப்பாவும் இப்போது ஒரே ஒரு காரியத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. போன வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து இருவரும் புதுத் தலைத்துணியும் அத்தர் வாசனையுமாக ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பல் டாக்டர், நல்ல குடும்பம், சொந்த வீடு, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. ஹாயில் பாதி சொல்ல, நாயிஃப் மீதி சொன்னார். மைஸூன் பொறுமையாகக் கேட்டாள்.

"இப்ப வேணாம் பெரியப்பா. வேணும்னு தோணுற அன்னிக்கு நானே வந்து கேக்குறேன்" என்றாள்.

ஊர்ப் பெண்கள் பேசுகிற சாதாரண அரபில், சிரிக்கவோ திருத்தவோ ஒன்றுமில்லாமல் சொன்னாள். அதனால் மறுத்துப் பேச இரண்டு பேருக்கும் இடமில்லாமல் போயிற்று. ஹாயில் தம்பியைப் பார்த்தார், நீதான் அவசரப்பட்டாய் என்பதுபோல். நாயிஃப் அண்ணனைப் பார்த்தார். பிறகு அத்தை கொண்டுவந்து வைத்த காப்பியை, யாரும் யாருக்கும் காத்திருக்காமல், சூடாகக் குடித்தார்கள்.

அந்தப் பல் டாக்டருக்குக் கோடையிலேயே வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் போய், தயிரில் வெந்த ஆட்டிறைச்சிச் சோறான மன்ஸஃப் சாப்பிட்டுவிட்டு, இறைச்சி வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.